டயாலிசிஸ் நோயாளிக்கு மரபணுச் சோதனை அவசியமா?

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. சர்க்கரை நோயால் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, இரண்டு ஆண்டுகளாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். நான்தான் சிறுநீரகம் தரவிருக்கிறேன். அதற்கான ரத்தப் பரிசோதனையில் அவருக்கு ‘டாக்ஸோபிளாஸ்மா ஐஜிஜி பாசிட்டிவ்’ என்றும், எனக்கு நெகட்டிவ் என்றும் வந்திருக்கிறது. எதிர்ப்பு சக்தி மரபணுவில் குறை இருப்பவர்களுக்குத்தான் இந்த ஒட்டுண்ணி தொற்றும், உடனே மரபணுச் சோதனை செய்யுங்கள் என்கிறார் உறவினர் ஒருவர். டயாலிசிஸ் இயந்திரம் வழியாக வந்திருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது. வீட்டில் பூனை வளர்க்கிறோம்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் இயந்திரத்தின் மீதான பயத்தை விட்டுவிடுங்கள். டயாலிசிஸ் வடிகட்டியின் துளைகள் யூரியா, கிரியாட்டினின் போன்ற மிகச் சிறிய பொருள்களை மட்டுமே கடக்க விடும். ரத்தச் சிவப்பணு நுழைய முடியாத அந்தத் துளையில், ஏறத்தாழ அதே அளவுள்ள இந்த ஒட்டுண்ணியும் நுழைய முடியாது. ஐஜிஜி, ஐஜிஎம் என்பவை தொற்றை எதிர்த்து ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள்கள். ஐஜிஎம் தொற்றின் தொடக்கத்தில் தோன்றும், ஐஜிஜி நெடுநாள் நிலைக்கும். ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்றால், எப்போதோ வந்த பழைய தொற்று என்றே பொதுவாகப் பொருள் கொள்ளலாம். அரைவேக்காட்டு இறைச்சி, சரியாகக் கழுவாத கீரை, பூனைக் கழிவு கலந்த மண் ஆகியவற்றின் வழியாக இது உடலுக்குள் வருகிறது. 1908-இல் துனிஸ் நகரில் ‘கண்டி’ என்ற கொறித்துண்ணியில் கண்டறியப்பட்ட இந்த ஒட்டுண்ணி, இன்று உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் உடலில், மூளையிலும் தசையிலும் நுண்ணிய கூடு கட்டி, பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தராமல் தங்கியிருக்கிறது. இத்தனை கோடிப் பேருக்கும் மரபணுவில் குறை என்று சொல்ல முடியுமா?

ஆயினும் உங்கள் உறவினர் சொன்னதில் ஓர் உண்மைப் பொறி இருக்கிறது. இந்த ஒட்டுண்ணியை அடக்கி வைப்பதில் முதன்மையானது இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம். அது செல்களைத் தூண்டி, டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைக்கச் செய்கிறது. அந்த அமிலத்தைத் தானாகத் தயாரிக்கத் தெரியாத ஒட்டுண்ணி, செல்லுக்குள்ளேயே பட்டினி கிடந்து பெருக்கத்தை நிறுத்திக்கொள்கிறது. இப்புரதத்துக்கான மரபணு 12-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் 874-ஆம் இடத்தில் சிலருக்குத் தைமின் என்ற மரபணு எழுத்தும், சிலருக்கு அடினின் என்ற எழுத்தும் அமைந்திருக்கும். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அடினினையே பெற்றவர்களுக்கு இன்டர்ஃபெரான் சற்றுக் குறைவாகச் சுரக்கக்கூடும். இது குறைபாடு அன்று. முகச்சாயல் போல ஆளுக்கு ஆள் மாறும் இயல்பான வேறுபாடு. காசநோயிலும் டாக்ஸோபிளாஸ்மா தொற்றிலும் இதன் பங்கை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் கூட்டம் கூட்டமாக ஒப்பிடும்போது தெரியும் சிறு வித்தியாசத்தைக் கொண்டு, உங்கள் கணவர் ஒருவருக்கு என்ன நேரும் என்று கணிக்க இயலாது.

அவருடைய எதிர்ப்பு சக்தியை உண்மையில் தளர்த்துவது வேறு. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய நச்சுகள் ரத்தத்தில் தேங்குவதால், டி செல்கள் உள்ளிட்ட வெள்ளையணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. சர்க்கரை நோயும் சேர்ந்துகொள்கிறது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியிலேயே இதைப் பார்க்கலாம். சாதாரணமாகப் பெரியவர்களுக்கு 20 மைக்ரோகிராம் வீதம் மூன்று ஊசி போதும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கோ 40 மைக்ரோகிராம் வீதம் நான்கு ஊசி போட்ட பிறகும், எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எத்தனை நல்ல மரபணு வாய்த்திருந்தாலும் இந்தத் தளர்ச்சி வரும். ஆகவே மரபணுச் சோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அதன் முடிவு எதுவானாலும் மருந்தும் மாறாது, அளவும் மாறாது.

கவனம் வேண்டிய இடம் வேறு, சகோதரி. அதை நான் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன்: பூனை விஷயத்தில் அவரைவிட நீங்கள்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவருக்கு ஒட்டுண்ணி ஏற்கெனவே இருக்கிறது, உங்களுக்கு இல்லை. சிறுநீரகம் கொடுப்பதற்கு முந்தைய வாரங்களில் உங்களுக்குப் புதிதாகத் தொற்று வந்தால், தானம் செய்யும் உறுப்போடு அதுவும் போய்ச் சேரலாம். பூனையைத் துரத்த வேண்டாம். அதன் கழிவில் வெளியேறும் முட்டைகள் தொற்றும் பக்குவம் அடைய 1 முதல் 5 நாள்கள் ஆகும் என்பதால், தினமும் அகற்றினாலே ஆபத்து பெரிதும் குறைந்துவிடும். அந்த வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும். கர்ப்பிணிகள் செய்யக் கூடாது. இறைச்சியை நன்றாக வேகவைத்தே உண்ணுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் உங்களுக்கு மறு பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்கள் கணவருக்கு, உறுப்பு பொருத்திய பின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகள் தொடங்கும்போது உறங்கும் ஒட்டுண்ணி விழித்துக்கொள்ளலாம். நுரையீரல் தொற்றைத் தடுக்க அப்போது வழக்கமாகத் தரப்படும் கோ-டிரைமாக்ஸசோல் மாத்திரை இதையும் அடக்கும். அதில் சல்ஃபா வகை மருந்து இருப்பதால், அவருக்கு சல்ஃபா ஒவ்வாமை உண்டா என்பதை இப்போதே சொல்லிவையுங்கள். பின்னாளில் காய்ச்சலோடு தலைவலி, வலிப்பு, பார்வை மங்கல் எது வந்தாலும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அவர் வயலில் வெறுங்காலோடு உழைத்தவர் என்றால், ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் புழுவுக்கான சோதனையையும் கேட்டுப் பெறுங்கள். பல ஆண்டுகள் குடலில் சத்தமின்றி இருக்கும் அந்தப் புழு, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து தொடங்கியதும் உடல் முழுதும் பரவி உயிருக்கே உலை வைக்கலாம். முன்கூட்டித் தெரிந்தால் ஐவர்மெக்டின் மாத்திரையால் தீர்ந்துவிடும்.

கேள்வி: ஒட்டுண்ணியை எதிர்க்கும் மரபணுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று படித்தேன். உண்மையா? என் தந்தையும் டயாலிசிஸில் இருக்கிறார்.
- கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: உண்மைதான். ஆப்பிரிக்காவில் செட்சி ஈ பரப்பும் தூக்க நோயின் ஒட்டுண்ணிக் குடும்பத்தைச் சேர்ந்த பலவற்றைக் கொல்லும் புரதம் ஒன்று மனித ரத்தத்தில் இருக்கிறது. அதை உருவாக்கும் மரபணுவின் பெயர் ஏபிஓஎல்1. அதன் இரு மாற்று வடிவங்கள் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடையே பரவலாக இருக்கின்றன. ஒன்றைப் பெற்றவருக்குத் தூக்க நோயிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கலாம். பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்றவருக்குச் சிறுநீரகச் செயலிழப்பின் அபாயம் பல மடங்கு கூடுகிறது. 2010-இல் இது வெளியானபோது, அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் சிறுநீரக நோய் ஏன் இவ்வளவு அதிகம் என்ற நெடுநாள் கேள்விக்கு முக்கியமான ஒரு விடை கிடைத்தது. ஆப்பிரிக்க வம்சாவளி இல்லாதவர்களிடம் இவ்வடிவங்கள் அநேகமாகக் காணப்படுவதில்லை. ஆகவே உங்கள் தந்தையின் நோய்க்கு இதைக் காரணமாக எண்ண வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், நெடுநாள் உட்கொண்ட வலி மாத்திரைகள் ஆகியவற்றைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.