குண்டு சிதறுகிறது, உறை சிக்குகிறது: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: .22 லாங் ரைஃபிள் தோட்டா போடும் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியில் இலக்குப் பயிற்சி செய்கிறேன். 50 மீட்டரில் 25 மில்லிமீட்டருக்குள் அடங்கிய குரூப் (இலக்கில் குண்டுகள் விழும் பரப்பு) இப்போது இரண்டு மடங்காகிவிட்டது. அவ்வப்போது காலி உறையும் வெளியே விழாமல் சிக்கிக்கொள்கிறது. பேரலையும் (குண்டு பாயும் குழல்) டிரிகரையும் மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். சிதறலையும் சிக்கலையும் இரண்டு நோய்களாகப் பார்க்கிறீர்கள். இந்த வகைத் துப்பாக்கியில் பெரும்பாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

உங்கள் துப்பாக்கியில், தோட்டாவுக்குப் பின்னால் முன்னும் பின்னும் ஓடும் போல்ட்டைப் பூட்டிவைக்கும் அமைப்பு கிடையாது. அதன் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே அதை மூடிவைக்கின்றன. வெடித்த உறை பின்னோக்கி வந்து போல்ட்டைத் தள்ள வேண்டும். தோட்டா அமரும் குழியான சேம்பரில் கரியும் மெழுகும் ஈயமும் படிந்திருந்தால் உறை தயங்கி வரும், போல்ட் பாதி வழியிலேயே திரும்பிவிடும். அதே படிவால் அடுத்த தோட்டாவும் முழுதாக உள்ளே அமராது. ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு விதமாகக் கிளம்பும்.

துப்பாக்கி காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, போல்ட்டைக் கழற்றி, கரைப்பான் தோய்த்த சிறு பிரஷ்ஷால் சேம்பரை மட்டும் நன்றாகத் தேயுங்கள். உறையைப் பிடித்து வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் அடியில் இறுகிய அழுக்கையும் நீக்குங்கள். பேரலுக்குக் கயிற்றுத் துடைப்பான் போதும். சேம்பர் பக்கமிருந்து வாய்ப்பக்கமாக இழுங்கள். வாய்ப்பக்கமிருந்து கம்பியை நுழைத்தால் பேரல் வாயின் விளிம்பு தேயும். குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் அது, அங்கே விழும் கீறல் குறியைக் கெடுக்கும். துடைத்த உடனே குரூப்பை அளக்காதீர்கள். பேரலில் மெழுகு மறுபடி படியச் சில தோட்டாக்கள் சுட வேண்டும்.

அடுத்தது, பலர் செய்யாமல் விடும் சோதனை. ரேஞ்சில், துப்பாக்கி இலக்கை நோக்கியிருக்க, விரல் டிரிகருக்கு வெளியே இருக்க, மேகசினிலிருந்து ஒரு தோட்டாவை ஏற்றுங்கள். சுடாமல் அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மூக்கு நசுங்கியிருக்கிறதா? ஒரு பக்கம் ஈயம் சீவப்பட்டு மினுங்குகிறதா? .22 குண்டு மென்மையான ஈயம். மேகசினின் மேல்வாய் உதட்டிலோ சேம்பர் விளிம்பிலோ உரசினால் அதன் சமநிலை குலைந்துவிடும். அப்படிப்பட்ட குண்டை எவ்வளவு விலை உயர்ந்த பேரலும் நேராக அனுப்பாது. எல்லா மேகசின்களுக்கும் எண் எழுதி ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். குற்றவாளி ஒரே ஒரு மேகசினாக இருப்பது மிகவும் சகஜம். மேலும், முதல் தோட்டாவை ஏற்றும்போது போல்ட்டைக் கையால் மெதுவாக மூடாமல் இழுத்து விட்டுவிடுங்கள். மற்றத் தோட்டாக்களை ஸ்பிரிங் ஏற்றுவதுபோலவே அதுவும் அமர வேண்டும்.

இனி தோட்டா. ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். அதற்குச் சற்றுக் கீழே செல்லும் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி ரகம் இலக்குக்கு நல்லது. ஆனால் சில துப்பாக்கிகளின் போல்ட்டை அது முழுதாகத் தள்ளாது. அதற்காக ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள், வேறு ரகத்தைத் தேடுங்கள். வேகச் சீரும் முக்கியம்: இரு குண்டுகளுக்கிடையே விநாடிக்கு 10 மீட்டர் வேறுபாடு இருந்தால், 50 மீட்டரில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் மேல்கீழாக விலகும். குரூப் செங்குத்தாக நீண்டால் முதல் சந்தேகம் தோட்டாமேல்தான். ஒரே பிராண்டிலும் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறினால் முடிவு மாறும். நான்கைந்து வகைகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்துத் தோட்டா குரூப்பாக, தாங்கியில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். ஐந்து தோட்டா குரூப் அதிர்ஷ்டத்தால் அழகாகிவிடும். பொருந்தும் லாட் கிடைத்தால் கைக்கு எட்டியவரை வாங்கி வையுங்கள்.

ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுன்ட் திருகுகளையும், தோளில் அணைக்கும் கட்டையோடு துப்பாக்கியைப் பிணைக்கும் திருகையும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் டிரைவரால் (முறுக்கு அளவு காட்டும் திருப்புளி) முறுக்குங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

டிரிகரில் மட்டும் கை வைக்காதீர்கள். உள்பாகங்களை அரத்தால் தேய்த்தால், போல்ட் மூடும்போதே தோட்டா வெடிக்கலாம், ஒரே அழுத்தலில் இரண்டு குண்டுகள் பாயலாம். அது உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, முடிவை இலக்குத் தாளிலேயே எழுதுங்கள். இவ்வளவுக்கும் பிறகு குரூப் சுருங்காவிட்டால், பேரல் வாயின் விளிம்பை அதே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதில் குறை இருந்தால் திரும்பச் சீவிக் கொடுப்பார். புதுப் பேரலைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.