தோல் தொழில்நுட்பம் படித்துவிட்டு நுரையீரல் வடு நோய் ஆய்வுக்கு வந்த கதை

மருத்துவம் படிக்காதவர் நுரையீரல் வடு நோயில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய முடியுமா, நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். நான் சென்னையில் படித்தது தோல் தொழில்நுட்பம். செருப்பும் கைப்பையும் ஆகிற மாட்டுத்தோல்தான் என் முதல் பாடம்.

பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். குரோமிய உப்பில் பதனிட்டால் அதிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து, கொதிநீரையே தாங்கும் அளவுக்கு உறுதிப்படும். இதே கொலாஜனின் மூவிழை அமைப்பை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள் என்பதில் எங்கள் வகுப்புக்கே கொஞ்சம் கர்வம் உண்டு.

உடலுக்குள் இந்தக் குறுக்குப் பிணைப்பைச் செய்வது லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதிக் குடும்பம். முதுநிலைப் படிப்பில் அதைப் பற்றித் தேடப்போய்த்தான் நுரையீரலில் வந்து நின்றேன். ஆரோக்கியமான நுரையீரல் திசுவின் விறைப்பு ஏறத்தாழ 2 கிலோபாஸ்கல். வடு விழுந்த திசுவில் அது 16, 17 வரை போகிறது. விறைத்த தளத்தில் உட்கார்ந்த ஃபைப்ரோபிளாஸ்ட் (கொலாஜனை உண்டாக்கும்) செல்கள் அந்த விறைப்பை உணர்ந்து, இன்னும் கொலாஜனைச் சுரக்கின்றன. வடுவே அடுத்த வடுவுக்குக் காரணமாகிவிடுகிறது. இதைப் படித்த பிறகு எனக்கு வேறு தலைப்பு பிடிக்கவில்லை.

நோயின் கொடுமை பிறகுதான் உறைத்தது. காரணம் தெரியாமல் வரும் வகை வடு நோயில், நோய் கண்டறிந்த பின் பாதிப் பேர் 3 முதல் 5 ஆண்டுகளே வாழ்கிறார்கள் என்பது பழைய கணக்கு. 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பிர்ஃபெனிடோன், நின்டெடனிப் என்ற இரண்டு மருந்துகளும் நோயின் வேகத்தைக் குறைக்கும். விழுந்த வடுவை அழிக்காது.

ஆய்வுக்கூடத்தில் ப்ளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்துச் சுண்டெலிக்கு வடு உண்டாக்குவதே வழக்கம். ஆனால் இளம் எலியில் அந்த வடு பெரும்பாலும் தானாகவே கரையத் தொடங்கிவிடும். மனிதரிடம் அப்படி இல்லை. எலியில் வென்று மனிதரிடம் தோற்ற மருந்துகளின் பட்டியல் நீளமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. லைசில் ஆக்சிடேஸ் குடும்பத்தில் ஒன்றைக் குறிவைத்த சிம்டுசுமாப் என்ற மருந்தும் நோயாளிகளுக்குப் பலன் தரவில்லை. குடும்பத்தில் வேறு எந்த உறுப்பினர் கொலாஜனைப் பிணைக்கும் வேலையைச் செய்கிறது என்பதே என் ஆய்வுக் கேள்வி. அறுவை சிகிச்சையில் அகற்றிய நுரையீரலை மெல்லிய சீவல்களாக வெட்டி, செல்களைச் சில நாட்கள் உயிரோடு வைத்துச் சோதிக்கிறேன்.

நீங்கள் பொறியியலோ வேதியியலோ படித்தவர் என்றால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். விறைப்பை அளக்கத் தெரிந்தவர்களை இந்தத் துறை தேடிக்கொண்டிருக்கிறது. திசுவியல் மட்டும் முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் ஆண்டு முழுக்க அதிலேயே போயிற்று.