கேளுங்கள், சொல்கிறேன்: கிளாஸ்கோவில் ஒரு ராத்திரி

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "ஜனவரியில் கிளாஸ்கோ போய் செல்டிக் கச்சேரி கேட்டுவிட்டு வந்தேன், கால் இன்னும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது." அவ்வளவுதான் எழுதினேன். (கிளாஸ்கோ ஸ்காட்லாந்தில் இருக்கும் ஊர், செல்டிக் என்பது அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்து நாட்டுப்புற இசை.) வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, மற்ற கேள்விகளுக்கு இந்த முறை விடுமுறை.

கேள்வி: கல்லூரி நாளிலிருந்து இந்த இசையை ஹெட்போனில் கேட்டு வருகிறேன். நேரில் கேட்பதில் அப்படி என்ன வித்தியாசம்? ரெக்கார்டில் இருக்கும் அதே மெட்டைத்தானே மேடையிலும் வாசிக்கப் போகிறார்கள்?

பதில்: நானும் இருபது வருஷம் அப்படி நினைத்துக்கொண்டு இருந்தவன்தான். 1962-ல் டப்ளினில் தொடங்கிய சீஃப்டன்ஸ் குழு, எழுபதுகளின் பிளான்க்ஸ்டி, பாத்தி பேண்ட் என்று தேய்த்துத் தேய்த்துக் கேட்டதில் பல மெட்டுகள் எனக்கு மனப்பாடம். அந்தத் திமிரோடுதான் போனேன்.

கிளாஸ்கோவில் 1994-லிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் செல்டிக் கனெக்‌ஷன்ஸ் என்ற விழா நடக்கிறது, இரண்டு வாரத்துக்கு மேல், ஊர் முழுக்கப் பல அரங்குகளில். ஊரில் அப்போது நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், மழை வேறு. புக்கானன் தெரு முடிகிற இடத்தில் இருக்கும் ராயல் கான்சர்ட் ஹாலுக்குள் நுழைந்தால் நனைந்த கம்பளிக் கோட்டு வாசனைதான் முதலில் வந்தது. என் சீட் பால்கனியில், ஓரமாக. இருந்ததிலேயே மலிவான டிக்கெட் அது. ஆனால் அங்கிருந்து கலைஞர்களின் கால்கள் தெளிவாகத் தெரிந்தன, அதுதான் அதிர்ஷ்டம்.

மேடையில் ஐந்து பேர்: ஃபிடில், மரப் புல்லாங்குழல், அக்கார்டியன், கிடார், பௌரான் என்கிற ஆட்டுத்தோல் பறை. இந்த இசையில் மெட்டுகளைத் தனித்தனியாக வாசிப்பதில்லை, இரண்டு மூன்றைக் கோர்த்து ஒரு செட்டாக வாசிப்பார்கள். ஒரு மெட்டு இரண்டு மூன்று சுற்று வரும், அப்புறம் இடைவெளியே இல்லாமல் அடுத்ததற்குத் தாவும். ரெக்கார்டில் இந்தத் தாவல் துணியில் இருக்கும் தையல் மாதிரி, உற்றுக் கேட்டால்தான் தெரியும். அங்கே நான் பார்த்தது வேறு. மூன்றாவது சுற்றின் கடைசியில் ஃபிடில் வாசித்த பெண் தலையைத் தூக்கி, புருவத்தை உயர்த்தி, அக்கார்டியன்காரர் பக்கம் ஓர் அங்குலம் சாய்ந்தார். அவரோ கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார்! ஆனாலும் எப்படியோ தெரிந்துவிட்டது அவருக்கு. கிடார் இரண்டு தாள அடி நிறுத்தி மூச்சுப் பிடித்தது, அடுத்த நொடி ஐந்து பேரும் புது மெட்டுக்குள், சுருதி மேலே ஏறி. அந்த நொடியில் இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரும் அந்த அரங்கம் "ஹூப்!" என்று கத்தியது பாருங்கள், பால்கனித் தரை அதிர்ந்தது என் செருப்பு வழியாகவே ஏறியது. இத்தனை வருஷம் நான் ரசித்ததெல்லாம் மெட்டுகளை, ஊரே காத்திருந்து ரசிப்பது மெட்டு மாறுவதை.

இன்னொன்று, அந்தப் புல்லாங்குழல்காரர். ரீல் என்கிற வேகமான ஆட்ட மெட்டில் மூச்சு வாங்க நேரமே கிடையாது. அதனால் நடுவில் ஒரு ஸ்வரத்தை விழுங்கிவிட்டு அந்த இடத்தில் மூச்சு இழுக்கிறார். சுற்றுக்குச் சுற்று வேறு ஸ்வரத்தை விழுங்குகிறார், அதனால் அதே மெட்டு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு முகத்தோடு வருகிறது. ரெக்கார்டிலும் இது இருக்கத்தான் செய்கிறது, வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டபோது அங்கங்கே ஓட்டை ஓட்டையாகக் கேட்கிறது. முன்பு என் காது அதைத் தாண்டிப் போயிருக்கிறது.

கேள்வி: செல்டிக் என்றால் ஐரிஷ்தானே?

பதில்: கிளாஸ்கோவில் இதைச் சத்தமாகக் கேட்டுவிடாதீர்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், கார்ன்வால், ஐல் ஆஃப் மேன், பிரான்ஸின் பிரிட்டனி, இவ்வளவும் சேர்ந்ததுதான். ஸ்பெயினின் கலீசியாவும் தானும் உண்டு என்கிறது. பிரிட்டனியின் லோரியாங் ஊரில் 1971-லிருந்து நடக்கும் விழாவில் எல்லோரும் ஒன்றுகூடுவார்கள். ஒரே பெயருக்குள் இத்தனையையும் அடைத்தது கடைக்காரர்களுக்கு வசதி, வேறென்ன.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், எல்லா மெட்டும் ஒரே மாதிரிதானே இருக்கிறது?

பதில்: முதல் பத்து நாள் அப்படித்தான் இருக்கும். மெட்டின் வடிவம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதும் ஒரு காரணம். எட்டு அளவு (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி) கொண்ட ஒரு பகுதி இரண்டு முறை, இன்னொரு எட்டு இரண்டு முறை, ஆக 32 அளவு. ராகத்தை விட்டுவிட்டு நடையைப் பிடியுங்கள். "தகதிமி தகதிமி" என்று ஓடினால் ரீல். "தகிட தகிட" என்று துள்ளினால் ஜிக். மூன்று தகிட சேர்ந்து ஒன்பதாக வந்தால் ஸ்லிப் ஜிக், அது எனக்கு ரொம்பப் பிடித்தது, தரையில் கால் படாமலே நடப்பது போல ஒரு மிதப்பு அதற்கு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. அயர்லாந்தில் வாத்தியம் இல்லாத வீடுகளில் வாயாலேயே மெட்டுப் பாடித்தான் ஆடியிருக்கிறார்கள்.

கேள்வி: பேக்பைப் சத்தத்தில் உங்கள் காது தப்பித்ததா?

பதில்: நீங்கள் சொல்வது ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பைப். வாயால் ஊதிப் பையில் காற்று நிரப்பி வாசிப்பது, வெட்டவெளிக்கென்றே செய்தது, சத்தத்தைக் குறைத்து வாசிப்பது என்ற பேச்சே அதில் கிடையாது. மொத்தமே ஒன்பது ஸ்வரம், அதிலும் ஹரிகாம்போதி சாயல் அடிக்கும். அறைக்குள் கேட்டால் கொஞ்சம் சிரமம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அயர்லாந்தின் இல்லன் பைப் வேறு ஜாதி. முழங்கையால் துருத்தியை அமுக்கிக் காற்றுத் தருவார்கள், வாய்க்கு வேலையே இல்லை. அன்று விருந்தினராக வந்தவர் உட்கார்ந்து, துடையில் ஒரு தோல் துண்டைக் கட்டிக்கொண்டார். குழலின் அடிவாயை அந்தத் தோலில் அழுத்தி மூடினால் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே ஒரு துளி மௌனம் கிடைக்கும். தாளமில்லாத ஒரு மெதுவான மெட்டை அவர் அப்படி வாசித்தபோது, ஆதார சுருதி மட்டும் அடியில் ரீங்கரிக்க, முன்வரிசையில் யாரோ இருமியதுகூட எனக்குக் கேட்டது. இதைக் கற்க ஏழு வருஷம், பழக ஏழு, வாசிக்க ஏழு என்று ஒரு வழக்கு உண்டு. 2017-ல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: கச்சேரியில் கூடவே கைதட்டலாமா, அது மரியாதைக் குறைவா?

பதில்: ரீல், ஜிக் என்றால் தாராளமாகத் தட்டலாம், தாளம் தெரிந்தால்! எனக்குப் பின்னால் இருந்தவர் ஒரு முழு ஜிக் செட்டுக்கும் தாளத்தில் அரை அடி தள்ளியே தட்டிக்கொண்டிருந்தார். திரும்பி ஒரு முறை பார்த்தேன். அதை அவர் உற்சாகப்படுத்தியதாக எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார். என்ன செய்வது.

பப்பில் நடக்கும் செஷன் என்றால் கதை வேறு. கச்சேரி முடிந்து அப்படி ஒரு செஷனுக்குப் போயிருந்தேன். அது யாருக்காகவும் வாசிப்பதில்லை, ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் தங்களுக்காக வாசித்துக்கொள்வது. அந்த மேஜை நாற்காலியில் நாம் உட்காரக் கூடாது, முகத்துக்கு நேரே போனை நீட்டக் கூடாது. பௌரான் வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது என்றால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது உத்தமம். பௌரானை வாசிக்கச் சிறந்தது பேனாக்கத்திதான் என்று மற்ற வாத்தியக்காரர்கள் கிண்டலடிப்பது சும்மா இல்லை.

கேள்வி: மொழி புரியாத பாட்டை எப்படி ரசித்தீர்கள்?

பதில்: ரசித்தேனா? பாடவே செய்தேன். அன்று பாட வந்த பாடகி ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் ஒரு பழைய வேலைப்பாட்டு பாடினார். தீவுகளில் நெய்த கம்பளித் துணியை ஈரத்தோடு பலகையில் அடித்துக் கெட்டிப்படுத்தும்போது பெண்கள் பாடியது. (துணியை ஊறவைத்தது பழைய மூத்திரத்தில், இதையும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.) ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவது. திருப்பிப் பாடும் வரியில் பாதி நம் தெம்மாங்கின் "தன்னானே" போல அர்த்தமில்லாத அசைகள்தான், அதனால் மொழிப் பிரச்சினையே வரவில்லை. பின்சீட்டுக்காரர் இதில் மட்டும் தாளம் தப்பவில்லை, எழுதிவிடுவதுதான் நியாயம்.

கேள்வி: கடைசியாக ஒன்று. நீங்கள் ஆடினீர்களா, இல்லையா?

பதில்: ஆடினேன். கடைசி ரீல் செட்டில், கோட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு வரிசைக்கு நடுவில் இருக்கும் அந்த ஒரு சாண் இடத்தில். முன்சீட்டில் இடித்து முழங்கால் கன்றிப்போனது. அடுத்த முறை நடைபாதை ஓரத்து சீட்டாகப் பார்த்து வாங்க வேண்டும்.