ஊர் சுத்தறது படிப்பா? ஒரே ரோட்டுல நாலு தடவை போய்ப் பாருங்க

கொடைக்கானல், செண்பகனூர் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பாப்பாவுக்கு 9 வயசு, ரெண்டு வருஷமா வீட்லயேதான் படிப்பு. மாசம் ஒரு தடவை வெளிய கூட்டிட்டுப் போறோம், பில்லர் ராக், பிரையண்ட் பார்க், மன்னவனூர்னு எல்லாம் பாத்தாச்சு. வந்து என்னடி பாத்தேன்னு கேட்டா 'நல்லா இருந்துச்சு'ங்கறா, அவ்வளவுதான். மாமியார் 'ஊர் சுத்தறதுக்குப் பேரு படிப்பா'ன்னு கேக்கறாங்க, எனக்கே சந்தேகம் வந்துருச்சு. சீசனுக்கு ஏத்த மாதிரி எங்க போகலாம், என்ன சொல்லிக் குடுக்கலாம்? பத்தாவது பரீட்சைக்கு என்ன பண்றது?"

உங்க மாமியார் கேட்டதுல பாதி நியாயம் இருக்குங்க. பத்து இடத்த ஒவ்வொரு தடவை பாக்கறது டூரிஸ்ட் வேலை, கீழருந்து வர்ற பஸ்ஸெல்லாம் அதத்தான் பண்ணுது. நீங்க அங்கயே குடியிருக்கீங்க, உங்களுக்கு இருக்கற ஒரே வசதி என்னன்னா ஒரே இடத்துக்கு திரும்பத் திரும்பப் போகலாம், போன தடவை எப்படி இருந்துச்சு இப்ப எப்படி இருக்குன்னு பாக்கலாம். அந்த வித்தியாசம் கண்ணுல பட்டாதான் புள்ள 'ஏன்'னு கேக்கும், அதுவரைக்கும் 'நல்லா இருந்துச்சு'தான்.

இன்னொண்ணு, வொர்க்‌ஷீட் வேண்டாம். நான் ஆரம்பத்துல அந்தத் தப்பு பண்ணேன், ரெண்டு பக்கத்துக்கு கேள்வி எழுதி எடுத்துட்டுப் போனேன், ரோட்டோரம் காட்டுமாடு கூட்டமா மேஞ்சுட்டு இருக்கு, என் பையன் வண்டிக்குள்ள குனிஞ்சு 'கோடிட்ட இடத்தை நிரப்புக' பண்ணிட்டு இருக்கான்.

முதல்ல உங்க ஊர் மலை ரோட்டையே எடுத்துக்கங்க. எப்படியும் ஏதாவது வேலையா வத்தலக்குண்டு போவீங்கல்ல, அதுதான் உங்க லேப். கீழ வத்தலக்குண்டுலயே ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி பிரிக்காம பாப்பா கையில குடுத்துருங்க, கூட ஒரு தெர்மாமீட்டர். டம் டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, அப்புறம் வீடு, ஒவ்வொரு எடத்துலயும் வண்டிய ஓரங்கட்டி நிழல்ல ரெண்டு மூணு நிமிஷம் புடிச்சு சூடு எவ்வளவுன்னு எழுதச் சொல்லுங்க, பாக்கெட்ட அமுக்கியும் பாக்கச் சொல்லுங்க. மேல ஏற ஏற பாக்கெட் தலகாணி மாதிரி உப்பிடும், ஏன்னா உள்ள இருக்கற காத்து அதேதான், வெளிய அமுக்கற காத்து கொறஞ்சுருச்சு, கடல் மட்டத்துல இருக்கறதுல நாலுல மூணு பங்குக்குக் கொஞ்சம் மேலதான் கொடைக்கானல்ல காத்தழுத்தம். சூடும் 1,000 மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி கணக்குல கொறையும், உங்களுக்கும் வத்தலக்குண்டுக்கும் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் வித்தியாசம், அப்ப எவ்வளவு கொறையணும்னு பாப்பாவ முன்னாடியே கணக்குப் போடச் சொல்லுங்க, அப்புறம் அளந்து பாக்கட்டும். மழை மேகம் இருந்தா கணக்கு ஒத்து வராது, வரலைன்னா இன்னும் நல்லது, பேச விஷயம் கெடைக்கும். (டம் டம் பாறைல பாக்கெட்ட வெளிய நீட்டாதீங்க, குரங்கு பரிசோதனைய முடிச்சு வச்சுரும்.)

வீட்டுக்கு வந்ததும் தண்ணி கொதிக்க வச்சு அதே தெர்மாமீட்டர விட்டுப் பாருங்க, 100 வராது, 93 வாக்குல நின்னுரும், அதுக்கு மேல எவ்வளவு அடுப்ப ஏத்துனாலும் ஏறாது. சட்டில பருப்பு ஏன் இவ்வளவு நேரம் வேகுது, குக்கர் ஏன் இல்லாம முடியாதுன்னு உங்க மாமியாரே சொல்லுவாங்க, அவங்க நாப்பது வருஷமா பண்ற பிசிக்ஸ் அது.

இதே ரோட்ட ஐப்பசில ஒரு தடவை, தை மாசம் ஒரு தடவை, பங்குனில ஒரு தடவை போங்க. உங்க பக்கத்துல மழை கொட்டறது அக்டோபர், நவம்பர்லதான், அப்ப சில்வர் கேஸ்கேட் அருவி எப்படி விழுது, மார்ச்ல எப்படி நூலு மாதிரி ஆகுதுன்னு ஒரே எடத்துல நின்னு வரையட்டும். அது கொடைக்கானல் ஏரில இருந்து வழிஞ்சு வர்ற தண்ணிதான், ஏரிக்கரைல என்ன போட்டாலும் அங்கதான் வரும்னு புள்ளைக்குத் தானா தோணும். மழைய வீட்லயே அளக்கலாம், ஆனா எவர்சில்வர் டம்ளர்ல புடிக்காதீங்க, டம்ளருக்கு வாய் அகலம், அடி குறுகல், அளவு தப்பா வரும், மேலயும் கீழயும் ஒரே அகலமா இருக்கற டப்பா வேணும். 1 மில்லிமீட்டர் மழைன்னா 1 சதுர மீட்டருக்கு 1 லிட்டர். உங்க கூரை 60 சதுர மீட்டர்னு வைங்க, 20 மில்லிமீட்டர் பேஞ்சா 1,200 லிட்டர் ஓடிப் போச்சு, பெருக்கல் வாய்ப்பாடு இதவிட எங்க ஒட்டும்?

அடுத்து எனக்கு ரொம்பப் புடிச்சது. முற்றத்துல ஒரு மீட்டர் குச்சிய நேரா நட்டு மதியம் 12:20 வாக்குல நிழல அளக்கணும், மாசம் ஒரு நாள் போதும். ஏன் 12 இல்லாம 12:20னு பாப்பா கேப்பா. நம்ம கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுது, கொடைக்கானல் அதுக்கு மேற்க 5 டிகிரி, ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம், அதான். மாசத்துக்கு மாசம் கால் மணி நேரம் வரைக்கும் முன்னப்பின்ன ஆகும், அதனால நிழல் ரொம்பக் குட்டியாகற நேரத்தப் புடிங்க. டிசம்பர் 21ல நிழல் வடக்க 67 சென்டிமீட்டர் விழும், அப்புறம் சுருங்கிக்கிட்டே வந்து ஏப்ரல் 16, 17ல காணாமப் போயிரும், அதுக்கப்புறம் தெக்குப் பக்கம் விழ ஆரம்பிக்கும், ஜூன் 21ல 23 சென்டிமீட்டர். ஆகஸ்ட் கடைசில திரும்பவும் ஒரு நாள் நிழல் இருக்காது, ஆனா அன்னைக்கு பெரும்பாலும் மேகம்தான், ஏப்ரல விட்டுறாதீங்க. இத ஆறு மாசம் பண்ணிட்டு அப்புறமா கொடைக்கானல்லயே இருக்கற சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, முன்னாடி போகாதீங்க. 1909ல ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகள்ல வாயு ஓடறதக் கண்டுபிடிச்ச எடம் அது, நூறு வருஷத்துக்கு மேல அதே சூரியன மேகம் இல்லாத நாளெல்லாம் படம் எடுத்து வச்சிருக்காங்க, குச்சி நிழல் அளந்த புள்ளைக்கு அது புரியும், சும்மா போற புள்ளைக்கு அதுவும் இன்னொரு கட்டடம். சூரியன நேரா பாக்கக் கூடாது, இத மட்டும் கண்டிப்பா சொல்லி வைங்க.

பனிக்காலத்துல மாமியார கூட சேத்துக்கங்க. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்'னு சொல்வாங்கல்ல, அது நிஜமான்னு பாப்பா சோதிக்கட்டும், காலைல ஆறு மணிக்கு புல்லு மேல ஒரு அளவு, மொட்டை மாடில ஒரு அளவு, ரெண்டு மாசம். ஏரிக்கரை மாதிரி பள்ளத்துல உறைபனி விழுது, சரிவுல இருக்கற உங்க வீட்ல விழலைன்னா அதுக்கும் காரணம் இருக்கு, குளிர்ந்த காத்து கனமானது, ராத்திரி தண்ணி மாதிரி பள்ளத்துக்கு எறங்கிரும். தினமும் எழுப்பி அளக்க வைக்கற வேலைய பாட்டிகிட்ட விட்டுருங்க, அப்புறம் 'ஊர் சுத்தறது'ங்கற பேச்சு வராது.

பூம்பாறை பூண்டு வயல், மன்னவனூர் ஆட்டுப்பண்ணை எல்லாம் வருஷத்துக்கு ரெண்டு தடவை போதும், பூண்டு நடும்போது ஒரு தடவை, எடுக்கும்போது ஒரு தடவை, எப்பன்னு அங்க கேட்டுட்டுப் போங்க. குறிஞ்சி 2018ல பூத்துச்சு, அடுத்து 2030தான், அவசரமில்ல. ஏப்ரல், மே கூட்டத்துல வெளியவே போகாதீங்க. பிப்ரவரி, மார்ச்ல காட்டுத்தீ பயம், காட்டுக்குள்ள வேண்டாம், பேரிஜம் பக்கம் எப்பவுமே வனத்துறை அனுமதி வாங்கித்தான் போகணும்.

பரீட்சைக்கு இப்பவே பயப்படாதீங்க. தமிழ்நாட்டுல 12½ வயசு முடிஞ்சா எட்டாம் வகுப்பு தனித்தேர்வரா எழுதலாம், 14 வயசு முடிஞ்சா தேசிய திறந்தநிலைப் பள்ளில பத்தாவது, தமிழ் வழியும் இருக்கு, அஞ்சு பாடம், அஞ்சு வருஷத்துக்குள்ள பகுதி பகுதியா முடிக்கலாம். தேதி போட்ட ஒரு நோட்டு இப்பருந்தே வைங்க, எழுத்துப் பழக்கம் அதுலயே வந்துரும்.

தெர்மாமீட்டர் வாங்கும்போது காய்ச்சல் பாக்கறத வாங்கிறாதீங்க, அது 35 டிகிரிக்குக் கீழ காட்டாது, கொதிக்கற தண்ணில விட்டா வெடிச்சுரும். மைனஸ் 10ல இருந்து 110 வரைக்கும் காட்டற, உள்ள சிவப்பு திரவம் இருக்கற லேப் தெர்மாமீட்டரா கேளுங்க, பாதரசம் வேண்டாம். மதுரை, திண்டுக்கல்ல லேப் சாமான் கடைல கெடைக்கும், ரெண்டா வாங்குங்க, ஒண்ணு எப்படியும் ஒடையும்.