டிபிஎஃப் விளக்கு: பைபாஸில் ஒரு ஓட்டம் போய் வாருங்கள்

வணக்கங்க. புது டீசல் எஸ்யூவி ஈரோட்டுக்குள் பள்ளிக்கூடம், கடை என்று தினம் 4 கிலோமீட்டர்தான் ஓடுகிறது, மூன்றே மாதத்தில் டிபிஎஃப் (டீசல் புகை ஃபில்டர்) விளக்கு எரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள், எனக்கும் இதேதான் நடந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி கட்டாயமானதிலிருந்து, புகைக்கரியைப் பிடித்து வைக்க டீசல் கார்களில் இந்த ஃபில்டர் இருக்கிறது. சேர்ந்த கரி எரிய சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். பன்னீர்செல்வம் பார்க் நெரிசலில் அந்தச் சூடு ஏறவே ஏறாது.

ஞாயிற்றுக்கிழமை பெருந்துறையில் பைபாஸ் ஏறி, செங்கப்பள்ளி வரை நிறுத்தாமல் 70, 80-ல் ஓட்டுங்கள். ஒரு கியர் குறைவாக, ஆர்பிஎம் 2000-க்கு மேலேயே இருக்கட்டும். பெரும்பாலும் அரை மணிக்குள் விளக்கு அணைந்துவிடும். நடுவில் ஃபேன் இரைந்தாலும் சூட்டு வாடை வந்தாலும் கரி எரிகிறது என்று அர்த்தம், இன்ஜினை நிறுத்தாதீர்கள்.

அப்புறம் இன்ஜின் ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியை (டிப்ஸ்டிக்) உருவிப் பாருங்கள். கரி எரிவது பாதியில் நின்றால் டீசல் ஆயிலில் இறங்கும். என் வண்டியில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தது. விரலில் தொட்டால் தண்ணியாக, டீசல் நாற்றம். சர்வீஸில் 'ஆயில் கூடுதலாக இருந்தால் நல்லதுதான்' என்று அனுப்பப் பார்த்தார்கள். உங்களுக்கும் அப்படி இருந்தால் விடாதீர்கள், ஆயிலை மாற்றித்தரச் சொல்லுங்கள். இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் பைபாஸ் வேண்டாம், நேராக சர்வீஸுக்குப் போய்விடுங்க.