பத்து மாதமா, இரண்டு வருடமா? டேகெயார் ஆசிரியர் படிப்பில் சேருமுன்

கேள்வி: ரொறன்ரோவில், ஸ்காபரோ பகுதியில் இருக்கிறேன். வயது 34. நிரந்தர வதிவிட உரிமை கிடைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். முன்பள்ளிக் கல்விச் சான்றிதழும் கையில் இருக்கிறது. பத்து மாதத்தில் டிப்ளோமா முடித்து டேகெயாரில் வேலைக்குப் போகலாம் என்கிறார் ஒரு தனியார் கல்லூரியின் முகவர். பொதுக் கல்லூரியில் இரண்டு வருடம் ஆகுமாம். எனக்கு இரண்டு பிள்ளைகள், ஆங்கிலமும் சுமார்தான். எதில் சேர்வது?

பதில்: முகவரிடம் இன்னும் பணம் கட்டவில்லை என்றால், கட்டாதீர்கள். முதலில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் படிப்பை முடித்தால் ஆர்.ஈ.சி.ஈ. (பதிவு பெற்ற சிறுபிள்ளைக் கல்வியாளர்) என்று நான் பதிவு செய்துகொள்ள முடியுமா?" "வேலை நிச்சயம் கிடைக்கும்" என்று அவர் சொன்னால், நீங்கள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒன்ராறியோவில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, "ஏர்லி சைல்ட்ஹுட் எடியுகேட்டர்" (சுருக்கமாக ஈ.சி.ஈ.) என்ற பதவிப்பெயரைப் பதிவு பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம். அந்தப் பதிவைக் கொடுக்கும் அமைப்பின் பெயர் "கொலேஜ் ஒஃப் ஏர்லி சைல்ட்ஹுட் எடியுகேட்டர்ஸ்". பெயரில் கொலேஜ் இருப்பதால் நம்மவர்கள் பலர் அதைப் படிக்கும் இடம் என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கே வகுப்பும் இல்லை, அனுமதியும் இல்லை. மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் இருப்பதைப் போன்ற ஒரு பதிவுக் கழகம் அது. எந்தெந்தக் கல்லூரிகளின் எந்தெந்தப் படிப்பை ஏற்றுக்கொள்கிறது என்ற பட்டியலை அதன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. நீங்கள் சேரப் போகும் படிப்பின் பெயர் அந்தப் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும். "அசிஸ்டென்ட்" என்ற சொல் சேர்ந்து வந்தால் அது வேறு படிப்பு, வேறு கதை.

தனியார் கல்லூரிகள் விற்கும் பத்து மாத, பன்னிரண்டு மாத டிப்ளோமாக்களில் பல இந்த அசிஸ்டென்ட் வகைதான். அதில் மோசடி எதுவும் இல்லை. படித்தால் உதவியாளராக வேலை செய்யலாம். ஆனால் உதவியாளராக வேலை செய்ய ஒன்ராறியோச் சட்டம் எந்த டிப்ளோமாவும் கேட்பதில்லை. பொலிஸ் சான்றும் முதலுதவிச் சான்றும் தடுப்பூசி விபரமும் இருந்தால் போதும். ஆறு வருட முன்பள்ளி அனுபவத்தோடு இன்றைக்கே விண்ணப்பிக்கக்கூடிய வேலை அது. அதற்காக எதற்குப் பல ஆயிரம் டொலர் கொட்டவேண்டும்?

பதிவு பெற்றவருக்கும் பெறாதவருக்கும் உள்ள வித்தியாசம் டேகெயார் மையத்துக்குள்ளே போனால் தெரியும். இரண்டரை வயது தொடங்கி ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் அறையில் 24 பிள்ளைகளுக்கு மூன்று பேர் வேண்டும். அந்த மூவரில் இருவர் பதிவு பெற்றவர்களாக இருக்கவேண்டும் என்பது விதி. ஒன்றரை வயதுக்குக் குறைந்த குழந்தைகள் என்றால் பத்துப் பேருக்கு மூவர், அதில் ஒருவராவது பதிவு பெற்றவர். 2022இல் மத்திய அரசோடு நாளுக்குப் பத்து டொலர் குழந்தைப் பராமரிப்பு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இடம் கேட்டு வரும் பெற்றோர் கூடிவிட்டார்கள், பதிவு பெற்ற ஆசிரியர்தான் போதவில்லை. அதனால் அந்தத் திட்டத்தில் சேர்ந்த மையங்களில் ஆர்.ஈ.சி.ஈ.களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை மாகாண அரசு 2024இல் மணிக்கு 23.86 டொலராக உயர்த்தியது. உதவியாளருக்கு அந்தக் குறைந்தபட்ச ஊதியம் கிடையாது. அதே வருட ஒக்டோபரில் பொதுவான குறைந்தபட்சக் கூலி 17.20 டொலர். அரசுப் பாடசாலைகளில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளின் முழுநாள் கிண்டர்கார்டன் வகுப்பில் ஆசிரியருக்குப் பக்கத்தில் ஒரு ஈ.சி.ஈ.யும் நிற்கிறாரே, அந்த வேலைக்கும் பதிவு வேண்டும்.

உங்கள் யாழ்ப்பாணத்துச் சான்றிதழைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுக் கல்வியைப் பதிவுக் கழகம் தனித்தனியாக மதிப்பிடுகிறது. ஒன்ராறியோவின் இரண்டு வருட டிப்ளோமாவுக்கு ஈடாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள் என்பதால், சான்றிதழ் மட்டத்தில் உள்ள படிப்புக்கு நேரடியாகப் பதிவு கிடைக்கும் என்று நான் நம்பிக்கை கொடுக்கமாட்டேன். ஆனால் சேரும் கல்லூரியில் முன்கற்றல் மதிப்பீடு கேட்கலாம். பாடத்திட்டத்தின் விபரத்தைக் காட்டி ஒன்றிரண்டு பாடங்களில் விலக்குப் பெற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். படித்த நிறுவனத்திடமிருந்து பெறுபேற்றுப் பத்திரத்தை இப்போதே ஆங்கிலத்தில் எடுப்பியுங்கள்; ஊரிலிருந்து கடிதம் வந்து சேர எடுக்கும் நாள் உங்களுக்கே தெரியும்.

"நான் ஆறு வருடம் பிள்ளைகளோடு இருந்தவள், இனி இரண்டு வருடம் எதைப் படிப்பது?" என்று மனதில் ஓடும். என்னிடம் பயிற்சிக்கு வரும் நம்மூர்ப் பெண்கள் எல்லோரும் முதல் வாரத்தில் கேட்பது இதைத்தான். அவர்களுக்கு நான் ஒரு வேலை கொடுப்பேன்: ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் பார்த்து, பார்த்ததை எழுதிக்கொண்டு வா. அநேகமாக வருவது இப்படி இருக்கும்: "கட்டைகளை எல்லாம் தட்டிவிட்டுக் குழப்படி செய்தான்." நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். குழப்படி என்பது நம் தீர்ப்பு. கண்ணுக்குத் தெரிந்தது எது? இரண்டாவது முறை அதே பெண் எழுதியது: "ஏழு கட்டைகளை அடுக்கினான். வலது கையால் நடுக்கட்டையைத் தள்ளினான். விழுந்த சத்தம் கேட்டதும் நின்று பார்த்தான். மறுபடி அடுக்கி, இந்த முறை அடிக்கட்டையைத் தள்ளினான். என்னைப் பார்த்துச் சிரித்தான்." இப்போது அந்தக் குறிப்பை வாசிப்பவருக்கு, மூன்று வயதுப் பிள்ளை எங்கே தள்ளினால் எப்படி விழும் என்று சோதித்துப் பார்ப்பது தெரிகிறது. அடுத்த நாள் அவன் முன்னால் என்ன பொருளை வைக்கலாம் என்பதும் அதிலிருந்தே வருகிறது. 2014இல் மாகாணக் கல்வி அமைச்சு வெளியிட்ட வழிகாட்டி இந்தப் பார்வையில்தான் நிற்கிறது. எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுப்பதை அது முன்னால் வைக்கவில்லை. பிள்ளை தன்னை அங்கே சேர்ந்தவனாக உணர்வது, அவன் நலம், ஈடுபாடு, வெளிப்பாடு என்று நான்கு அடித்தளங்களைச் சொல்கிறது. கொப்பியில் "அ" எழுதப் பழக்கிய கைக்கு இது பழக நாள் எடுக்கும். எனக்கும் எடுத்தது.

இன்னொன்று சோறு. நாம் பிள்ளைக்குத் தீத்திப் பழகியவர்கள். நிலாவைக் காட்டி, கதை சொல்லி, வாயை மூடிக்கொண்டால் கன்னத்தைப் பிடித்து இன்னும் ஒரு வாய் என்று. அன்புதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக உண்ணவோ குடிக்கவோ வைப்பது ஒன்ராறியோவின் பராமரிப்பு விதிகளில் தடைசெய்யப்பட்ட செயல்களில் ஒன்று. அடிப்பதைத் தடுக்கும் அதே பிரிவில்தான் இதுவும் இருக்கிறது. தண்டனையாகச் சாப்பாட்டையோ தூக்கத்தையோ கழிப்பறையையோ மறுப்பதும் அப்படியே. பயிற்சியில் இருந்த ஒரு பெண், சூப்பைத் தள்ளிவிட்ட குழந்தையின் வாயருகே கரண்டியை நான்காவது தடவை கொண்டுபோனபோது நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "பசியோடு வீட்டுக்குப் போகுமே, அக்கா" என்றார். குழந்தை எவ்வளவு சாப்பிட்டது என்பதைக் குறித்துவைத்து மாலையில் தாயிடம் சொல்வதும் நம் வேலைதான் என்று அன்று விளங்கப்படுத்தினேன். பிள்ளைக்குத் தீங்கு நடப்பதாகச் சந்தேகம் வந்தால் மேலாளரிடம் சொல்லிவிட்டு ஒதுங்க முடியாது, நீங்களே நேரடியாகச் சிறுவர் பாதுகாப்புச் சங்கத்துக்கு அறிவிக்கவேண்டும் என்ற கடமையும் இந்தப் படிப்பில் வரும். ஊர் அனுபவம் மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்கு வருபவர்கள் தடுக்கி விழுவது இந்த மாதிரி இடங்களில்தான்.

இனிப் பணம். செனெக்கா, சென்டெனியல், ஜோர்ஜ் பிரவுன், ஹம்பர், டர்ஹம் போன்ற பொதுக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் இந்த இரண்டு வருட டிப்ளோமா இருக்கிறது. ஸ்காபரோவில் இருப்பவருக்குச் சென்டெனியல் கிட்ட. ஜோர்ஜ் பிரவுன் தானே டேகெயார் மையங்களை நடத்தி அங்கேயே மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. வதிவிட உரிமை உள்ளதால் உங்களுக்கு உள்நாட்டுக் கட்டணம்தான்; முகவர் சொன்ன தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாகாண மாணவர் நிதியுதவித் திட்டமான ஓசாப்புக்கும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அதில் எவ்வளவு நன்கொடை, எவ்வளவு கடன் என்பதைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்லும் வழி இது: முதலில் உரிமம் பெற்ற ஒரு மையத்தில் உதவியாளராகவோ, ஆள் குறையும் நாளுக்குப் போகும் பதிலாளராகவோ சேருங்கள். அப்படி வேலை செய்துகொண்டே ஈ.சி.ஈ. படிப்பவர்களுக்கென்று மாகாணத்தில் தகுதி உயர்த்தும் உதவித்தொகைத் திட்டம் ஒன்று இருக்கிறது. சில கல்லூரிகள் மாலையிலும் வார இறுதியிலும் இணையம் வழியாகவும் பாடம் நடத்துகின்றன. இரண்டு வருடம் மூன்றாக நீளலாம், நீளட்டும். ஒன்றை மட்டும் முன்பே திட்டமிடுங்கள்: களப்பயிற்சி பகல் நேரத்தில்தான் நடக்கும், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல். அந்த வாரங்களில் உங்கள் பிள்ளைகளை யார் பாடசாலையிலிருந்து கூட்டிவருவது என்பதை வீட்டில் பேசி முடிவெடுத்த பிறகு சேருங்கள். பாதியில் நின்றவர்களில் நான் பார்த்தவர்கள் பாடம் விளங்காமல் நின்றதில்லை, இந்த ஒரு காரணத்தால்தான் நின்றார்கள்.

ஆங்கிலத்துக்குப் பயப்படவேண்டாம், தயார் செய்யுங்கள். 12ஆம் வகுப்பு ஆங்கிலத்துக்கு ஈடான தகுதி கேட்பார்கள். 19 வயதுக்கு மேற்பட்டவர் என்பதால் கல்லூரியின் தேர்வை எழுதித் தகுதி காட்டலாம், அல்லது வளர்ந்தோருக்கான ஏ.சி.ஈ. என்ற கல்லூரி நுழைவுத் தயாரிப்பு வகுப்புகளில் அந்தத் தகுதியை எடுக்கலாம். அதற்கு முன் நாட்டுக்குப் புதியவர்களுக்கான லிங்க் என்ற இலவச ஆங்கில வகுப்பில் எழுத்துப் பயிற்சியை இறுக்கிப் பிடியுங்கள். பேச்சைவிட இந்தப் படிப்பில் எழுத்துத்தான் அதிகம். செப்டம்பர் அனுமதிக்கு விண்ணப்பங்களைச் சமமாகப் பார்க்கும் கடைசி நாள் பெப்ரவரி 1. பிறகும் இடமிருந்தால் எடுப்பார்கள், ஆனால் அதை நம்பியிருக்காதீர்கள்.

அனுமதி வந்த கையோடு தடுப்பூசிப் பதிவைத் தேடத் தொடங்குங்கள். ஊரில் கிளினிக் அட்டை இருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குடும்ப மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்து நோய் எதிர்ப்பு இருப்பதைக் காட்டலாம். காசநோய்த் தோல் சோதனையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்தில் திரும்பிப் போய்க் காட்டவேண்டும்; பல கல்லூரிகள் அதையே இரண்டு தடவை கேட்கும், இடையில் ஒரு வாரமாவது விடவேண்டும். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு உங்கள் தோளில் இருக்கும். அதனால் சோதனை சிலருக்கு வீங்கிக் காட்டும், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். பதறவேண்டாம், ஆனால் அதற்கும் நாள் போகும். எளிதில் பாதிக்கப்படக்கூடியோரோடு பணிபுரிவதற்கான பொலிஸ் சான்றும் உடனே வந்துவிடாது. இவை எல்லாம் கையில் இல்லாமல் களப்பயிற்சிக்கு மையத்தின் கதவுக்குள்ளே விடமாட்டார்கள். ஜூலையில் தொடங்கினால் செப்டம்பருக்குச் சரியாக இருக்கும்.