எலுமிச்சம்பழத்தால் போகாத கறுப்பு

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது, எடை 52 கிலோ. முறுக்கும் மைசூர்பாகும் கொடுத்தே மாமியார் அவனைக் கெடுக்கிறார். என் கணவருக்கு 36 வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டதால் பயமாக இருக்கிறது. மகன் குளிக்கவும் சோம்பல். கழுத்தெல்லாம் கறுத்து, எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தாலும் போவதில்லை. எட்டு மாதப் பெண் குழந்தையும் இருக்கிறாள். மாமியாரிடம் எப்படிப் பேசுவது?
– ஈரோடு வாசகி

பதில்: மாமியார் சற்றுக் காத்திருக்கட்டும். போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தக் கழுத்துக் கறுப்புதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான செய்தி. அது அநேகமாக அழுக்கு அன்று. இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின் உடலில் சரிவர வேலை செய்யாதபோது, அதை ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது; இரத்தத்தில் மிகுந்துவிடும் அந்த இன்சுலின் தோலின் செல்களைத் தூண்டிப் பெருக வைப்பதால், கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட்டுத் துணிபோலக் கறுக்கிறது. பழம் தேய்த்தால் தோல் எரியுமே தவிர, கறுப்புப் போகாது. குளிக்கச் சோம்பல் என்று அவனைத் திட்டியும் இருப்பீர்கள். செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கிய பிள்ளையிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.

இந்த வாரமே குழந்தைநல மருத்துவரிடம் கழுத்தைக் காட்டுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கல்லீரல் ஆகியவற்றை அவர் பார்க்கச் சொல்லுவார். பட்டினி மட்டும் போடாதீர்கள். வளரும் வயதில், எடை கூடாமல் உயரம் கூடினாலே பல பிள்ளைகளுக்குப் போதும். இன்சுலின் கட்டுக்குள் வரும்போது கறுப்பும் மெல்ல மங்கும்.

மாமியார் கொடுக்கும் பலகாரத்தைப் பெயர் சொல்லி எழுதிய நீங்கள், நோயுள்ள உங்கள் கணவர் இரவில் என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு சொல்கூட எழுதவில்லை. இத்தகைய கடிதங்களில் நான் தேடுவதும், பெரும்பாலும் காணாததும் அதைத்தான். மகனுக்கு மட்டும் பத்தியச் சாப்பாடு வைத்துவிட்டு, அப்பா பரோட்டா பார்சலைப் பிரிக்கிற வீட்டில் எந்தப் பிள்ளையும் வாயைக் கட்டாது. ஒரு வீட்டில் ஒரே சமையல்தான் இருக்க வேண்டும், அதை முதலில் உண்டு காட்ட வேண்டியவர் தகப்பன் என்பதில் எனக்குச் சமரசம் கிடையாது. மாலையில் மகனோடு ஒரு மணி நேரம் நடப்பதும் அவர் கடமைதான்.

இனி, ஒரு வரியோடு நீங்கள் விட்டுவிட்ட கைக்குழந்தை. பிரிட்டனில் போர்க்காலத்தில் வந்த சர்க்கரைப் பங்கீடு, அதாவது ஆளுக்கு இவ்வளவுதான் என்று சர்க்கரையை அளந்து கொடுக்கும் கட்டுப்பாடு, 1953 செப்டம்பரில்தான் முடிந்தது. கருவில் உருவானது முதல் ஏறத்தாழ ஆயிரம் நாட்களை அந்தப் பங்கீட்டில் கழித்தவர்களுக்கு, அது முடிந்தபின் கருவானவர்களைவிடப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்புச் சுமார் 35 சதவீதம் குறைவாக இருந்ததை 2024இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆறு மாதத்துக்குப் பிறகு, அதாவது உங்கள் மகள் இப்போது இருக்கும் பருவத்தில், சர்க்கரை குறைந்திருந்தால் பலன் இன்னும் கூடியது. ஆகவே, இரண்டு வயது முடியும்வரை அவள் கூழிலும் பாலிலும் சர்க்கரை, வெல்லம், கற்கண்டு எதுவும் வேண்டாம். இதை மாமியாரிடம் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. 36 வயதில் சர்க்கரை நோயாளியான அவருடைய மகன் சொல்லட்டும்.